கொள்ளையும் மீட்சியும்

(நமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இந்த மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் வேறு. நாயன்மார் வரலாறு, கந்தபுராணம், திருக்குறள், சித்தாந்தம் என்பவற்றைக் கற்றுத் துறைபோகியோர் நின்று பேசிய இடம் இது. அத்தகைய இடத்திலே நின்று நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கணினி விளையாட்டு. அதிலும், கொள்ளையிட்ட பொருளை எப்படிப் பேணுவது, எப்படி உடைத்து மறுபடியும் பயன்படுத்துவது என்னும் ஒரு பகுதி. செயலாளர் தலைப்பைக் கேட்டபோது நான் இதைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பெரியவர்கள் கோபித்தாலும் கோபிப்பார்கள், ஆனாலும் பேசுங்கள்" என்றார். ஆதலின் கோபம் வருமானால் அதில் பாதி அவருக்குரியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது வாசிகசாலையில் பிள்ளைகள் கைப்பேசியும் மடிக்கணினியும் கொண்டுவந்து விளையாடுவதைத் தடை செய்யவேண்டும் என்று சில வாரங்களுக்கு முன் ஒரு பிரேரணை வந்தது. இரண்டு மணித்தியாலம் விவாதித்தோம். நானும் தடைக்குச் சார்பாகவே பேசினேன். வீடு திரும்பும்போது ஒன்று மனத்தை உறுத்தியது. அன்று பேசிய எங்களில் ஒருவராவது அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. பாராத ஒன்றைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசியிருக்கிறோம்! அடுத்த நாள் மாலை என் தமக்கையின் மகனிடம் போய், "தம்பி, நீ ஆடுவதை எனக்குக் காட்டு" என்று கேட்டேன். அவன் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தான். ஆயினும் காட்டினான். நான்கைந்து மாலைகள் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்டதையும் கேட்டதையுமே இங்கு சொல்ல வந்தேன்.

அவ்விளையாட்டின் பெயர் ரஸ்ட். துரு என்று பொருள். இங்கிலாந்திலுள்ள ஃபேஸ்பஞ்ச் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் 2013ஆம் ஆண்டு டிசெம்பரில் அதை முதலில் வெளியிட்டது. முழுமை பெற்ற பதிப்பு 2018 பெப்ரவரியில் வந்தது. நம் பிள்ளைகளிற் பலர் கைப்பேசியில் ஆடும் ஃபிரீ ஃபயர், பப்ஜி முதலியன அரைமணி நேரத்தளவில் முடிந்துவிடுவன. ரஸ்ட் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீள்வது. ஒரே தீவில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் உலவலாம். அவர்கள் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

ஆட வருபவன் அத்தீவின் கடற்கரையில் கண்விழிக்கிறான். உடுக்க உடையில்லை. கையில் ஒரு கல்லும் ஒரு தீப்பந்தமும் மாத்திரம் உண்டு. கல்லால் மரத்தை அடித்து விறகு சேர்க்க வேண்டும். பாறையை உடைத்துக் கல்லும் இரும்பும் கந்தகமும் எடுக்க வேண்டும். பசிக்கு உணவு, குளிருக்கு உடை, இரவுக்கு ஒரு வீடு எல்லாம் தானே தேடவேண்டும். தெருவோரங்களில் பீப்பாய்களும் பெட்டிகளும் கிடக்கும். அவற்றை உடைத்தால் பற்சக்கரம், குழாய், கயிறு, தார்ப்பாய் போன்றவை கிடைக்கும். பிறர் வீட்டையும் உடைக்கலாம். ஆடுபவன் கணினியை நிறுத்திவிட்டு உறங்கப் போனாலும் அவனுடைய உருவம் அத்தீவிலே உறங்கியபடி கிடக்கும். அந்நேரம் வேறொருவன் சுவரைத் தகர்த்து உள்ளே வந்து இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகலாம். இப்படிப் பெறுவதையெல்லாம் பிள்ளைகள் "லூட்" என்று சொல்கிறார்கள்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் இதை ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கொள்ளை என்னும் பொருளுடைய ஹிந்திச் சொல்லைக் கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தில் ஆங்கிலேயர் கற்றுக்கொண்டார்கள். பொருளோடு சொல்லையும் கொண்டுபோனார்கள். இப்பொழுது அந்தச் சொல் கணினி வழியாக நம்முடைய வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

இனி, அந்த விளையாட்டில் நான் கண்ட நல்லவற்றை முதலில் சொல்கிறேன். குறையைப் பின்னர் சொல்வேன்.

முதலாவது, உடைத்துப் பயன்கொள்ளுதல். தீவின் சில இடங்களில் ஒரு மறுசுழற்சிப் பொறி வைத்திருக்கிறார்கள். வேண்டாத பொருளை அதில் இட்டால், அப்பொருள் எதனால் ஆனதோ அந்த மூலப்பொருளில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தார்ப்பாயை இட்டால் துணி வரும். பற்சக்கரத்தை இட்டால் இரும்புத் துண்டுகளும், அங்கே நாணயம் போல் வழங்கும் உடைசல் இரும்பும் வரும். ஆனால் இட்டதெல்லாம் திரும்பி வருவதில்லை. செய்த பொருளை உடைத்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பாதுகாவல் உள்ள இடத்துப் பொறி குறைத்துத் தரும். ஆபத்தான இடத்துப் பொறி சற்றுக் கூட்டித் தரும். அந்தப் பொறி ஓடும் ஓசை தூரத்துக்குக் கேட்கும். ஓசை கேட்டு வேறொருவன் துப்பாக்கியோடு வரலாம். ஆதலின் எதை உடைப்பது, எதை வைப்பது, எங்கே உடைப்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஆடுபவன் கணக்கிட்டே செய்ய வேண்டும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகன் ஐந்து துப்பாக்கிகளை வைத்திருந்தான். "ஐந்தும் எதற்கு?" என்றேன். "இரண்டு போதும் மாமா, மூன்றை உடைத்தால் கதவுக்கு இரும்பு வரும்" என்றான். இந்தப் பிள்ளையின் அறையில் பழைய கைப்பேசிகள் மூன்று இழுப்பறையில் கிடக்கின்றன! அவற்றை உடைத்தால் என்ன வரும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியாது. பின்னர் தேடிப் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கான ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் ஜப்பானியர் பழைய மின்பொருள்களிலிருந்து எடுத்த உலோகத்தாலேயே செய்தார்கள். மக்கள் கொடுத்த கைப்பேசிகள் மாத்திரம் 62 இலட்சம். மற்றச் சிறு மின்பொருள்களோடு சேர்த்து அதிலிருந்து 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் கிடைத்தன. அதே சமயம், 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீசப்பட்ட மின்கழிவு 620 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்குள்ளது 22.3 வீதந்தான்.

நமது ஊரைப் பார்ப்போம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலிக் கரையோரம் கொஹாகொடையில் பல்லாண்டுகளாகக் கண்டிக் குப்பை கொட்டப்பட்டு வந்ததையும், அதன் கழிவுநீர் ஆற்றை நோக்கி இறங்கியதையும் அறியாதவர் இங்கில்லை. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டனர். பண்டிகை நாளில் வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். தீவில் குப்பையை உடைத்துக் காசாக்கும் பிள்ளை, வீட்டில் குப்பையைக் குப்பையாகவே எறிகிறான். குற்றம் அவனுடையதா, அவனுக்குப் பொறியைக் காட்டாத நம்முடையதா? நம் பாட்டிமார் மாச்சாக்கை வெளுத்துத் தலையணை உறை தைத்தார்கள். பழைய பத்திரிகையும் போத்தலும் வாங்க வருபவருக்காக வீட்டின் பின்புறத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள். அவர்களுக்கு மறுசுழற்சி என்ற சொல் தெரியாது. செயல் தெரிந்திருந்தது.

இரண்டாவது, பேணுதல். அந்தத் தீவில் வீடு கட்டினால் மட்டும் போதாது. வீட்டினுள் ஓர் அலுமாரி வைக்கவேண்டும். அதில் மரம், கல், இரும்பு என்பவற்றை இட்டு வைத்தால், நாள்தோறும் அதிலிருந்து ஒரு பங்கு வீட்டின் பராமரிப்புக்காகக் குறைந்துகொண்டே வரும். சிறிய வீட்டுக்குக் கட்டிய செலவில் பத்திலொரு பங்கு போதும். வீடு பெருக்கப் பெருக்க, கூடுதலாகக் கட்டும் பகுதிகளுக்கு அது மூன்றிலொரு பங்குவரை ஏறும். அலுமாரி வெறுமையானால் சுவர் தானாகவே சிதையத் தொடங்கும். புதிதாக வருபவர்கள் பேராசையால் அரண்மனை கட்டி, அதைப் பேண முடியாமல் மூன்றாம் நாளே இழந்து நிற்பார்களாம். வரவு சிறிதாயினும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறியை இந்தப் பிள்ளைகள் இடிந்த சுவரைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லை. எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் நாமெல்லோரும் ஒரு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு அலுமாரியை நிரப்ப மறந்தவர்களாகவே நின்றோம்.

மூன்றாவது, பங்கிடுதல். இங்கே தமிழ் கற்ற பெரியோர்கள் இருக்கிறார்கள். நான் பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டும். தொல்காப்பியம் வெட்சித் திணைக்குப் பதினான்கு துறைகள் கூறுகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது ஆகோள். அத்தோடு நின்றுவிடவில்லை. கவர்ந்த பசுக்களுக்குத் துன்பம் நேராமல் ஓட்டிவருவது ஒரு துறை. அதற்கு நோயின்று உய்த்தல் என்று பெயர். கொண்டுவந்ததைப் பங்கிடுவது பாதீடு. போரிட்டவனுக்கு மாத்திரமன்றி, ஒற்றறிந்து வந்தவனுக்கும் நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பங்கு உண்டு. இறுதியாக வருவது கொடை. கவர்தலுக்கு ஒரு துறை என்றால், கவர்ந்த பின் நடந்துகொள்ளும் முறைக்குப் பல துறைகள் வகுத்தார்கள் நம் முன்னோர். அதன் பின்னர், இழந்தவர் எழுந்து மீட்கும் கரந்தைக்கும் இடம் வைத்தார்கள்.

மருமகனின் குழுவில் நான்கு பேர். எல்லோரும் கண்டியில் ஒரே வகுப்பில் படிப்பவர்கள். இருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் சிங்களவர். ஒருவன் மரம் வெட்டுகிறான், ஒருவன் உலையின் முன் நிற்கிறான், ஒருவன் காவல், ஒருவன் தூரம் போய்ப் பொருள் தேடுகிறான். ஒரு நாள் தேடப் போனவன் வெறுங்கையோடு செத்து மீண்டான். அவனுக்கும் சமபங்கு வைத்தார்கள். "அவன் போனதால்தானே அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது" என்று காரணம் சொன்னார்கள். இது பாதீடு அல்லவா? இந்தப் பிள்ளைகள் தொல்காப்பியம் படித்ததில்லை.

நான்காவது, கல்வி. தீவில் ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று ஒருமுறை கற்றுக்கொண்டால், அந்த அறிவு கற்றவனோடேயே இருக்கும். அவனைக் கொன்றாலும், வீட்டை உடைத்தாலும், பெட்டியைத் தூக்கிப்போனாலும் அதை எவராலும் எடுக்க முடியாது. கல்வி கள்வரால் கவரப்படாத செல்வம் என்பதை நாம் சிறுவயதிலிருந்து மனனம் செய்து வந்திருக்கிறோம். விளையாட்டை அமைத்த ஆங்கிலேயரும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். ஈவ் ஆன்லைன் என்ற வேறொரு விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம், அதனுள் நடக்கும் வாங்கல் விற்றலைக் கவனிப்பதற்கென்றே 2007ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் ஒருவரைப் பதவியில் அமர்த்தியது. பொருள் எங்கே பிறக்கிறது, எங்கே அழிகிறது, யார் கையில் குவிகிறது என்று அவர் அறிக்கை எழுதினார்.

இதுவரை சொன்னதைக் கேட்டு இளைஞர்கள் முகம் மலர்ந்திருக்கிறது. பெரியவர்கள் முகம் அப்படியே இருக்கிறது. இனிக் குறையைச் சொல்கிறேன்.

மேலோட்டமான குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. உறங்கும்போது வீடு உடைக்கப்படும் என்ற அச்சத்தால் பிள்ளைகள் இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கிறார்கள். பரீட்சை நெருங்குவதும் தெரிவதில்லை. துப்பாக்கிக்கு வண்ணம் பூசுவதற்காக உண்மைக் காசு செலவழிப்போரும் உளர். இவற்றைத் திருத்தலாம், நேரம் வகுத்தால் போதும். நான் சொல்ல வந்த குறை வேறு.

அந்தத் தீவு மாதம் ஒருமுறை துடைக்கப்படுகிறது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை எல்லா வீடும், எல்லாப் பொருளும் இல்லாமற் போகும். கொள்ளையிட்டவனும் இழந்தவனும் மறுபடியும் கடற்கரையில் கல்லோடு நிற்பார்கள். கணக்குத் தீர்ந்தது. இந்தக் கண்டியில் அப்படி ஒரு வியாழக்கிழமை கிடையாது.

1983ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் எனக்குப் பதினொரு வயது. அன்று பிற்பகல் காசல் வீதியிலும் கொழும்பு வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. என் தந்தையார் ஒரு சிறு துணிக்கடை வைத்திருந்தார். எரிவதற்கு முன் அதையும் கொள்ளையிட்டார்கள். சீலைக் கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடியதைத் தாம் கண்டதாகத் தந்தையார் சொல்லியிருக்கிறார். எங்களைத் தம் வீட்டின் பின்னறையில் வைத்துக் காத்தவர் அயலிலிருந்த ஒரு சிங்களப் பெரியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிந்தபோது, தந்தையார் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் அவருக்குத் தீவு துடைக்கப்படவில்லை.

ஆகவே, என் மருமகன் முதல் நாள் மாலை "மாமா, இன்றைக்கு நல்ல லூட்" என்று மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. விளங்க வைக்க நானும் முயலவில்லை. அது என் தவறு.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. நால்வரும் சேர்ந்து ஒரு சிறு வீட்டைத் தகர்த்தார்கள். உள்ளே யாரோ ஒருவர் தனியாக ஆடுபவர். அவர் உருவம் உறங்கிக்கிடந்தது. பெட்டியைத் திறந்தார்கள். பொருள்களோடு ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. அந்த விளையாட்டில் அப்படி எழுதி வைக்கலாம். "மற்றதெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமாரியிலுள்ள மரத்தையும் கல்லையும் மாத்திரம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நான் திரும்பி வரும்போது வீடு இராது" என்னும் பொருள்பட அதில் எழுதியிருந்தது. நால்வரும் சற்று நேரம் பேசிக்கொண்டார்கள். ஒருவன் எடுக்கலாம் என்றான். மற்றவன் எங்களுக்கு அது தேவையில்லையே என்றான். கடைசியில் மரத்தையும் கல்லையும் அப்படியே விட்டு வெளியே வந்தார்கள். மருமகன் என் பக்கம் திரும்பி, "நாங்கள் செய்தது சரியா மாமா?" என்று கேட்டான்.

அப்பொழுதுதான் நான் அவனுக்கு அவன் பாட்டனாரின் கடையைப் பற்றிச் சொன்னேன். கடை எரிந்து ஏழெட்டு நாட்களுக்குப் பின், எங்களுக்கு இடம் தந்த பெரியவரின் வாசற்படியில் ஒரு பொட்டலம் இருந்தது. பழைய பத்திரிகையில் சுற்றிச் சணற்கயிற்றால் கட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே கடையின் கணக்குப் புத்தகங்கள் மூன்று. துணியை எடுத்தவர்களில் எவரோ ஒருவர் இதையும் சேர்த்து எடுத்திருக்கிறார். எடுத்தவருக்கு அதனால் ஒரு சதப் பயனுமில்லை. கிழித்துச் சரை சுற்றியிருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரென்று இன்றுவரை தெரியாது. அந்தப் புத்தகங்களில் தோட்டத்துத் தொழிலாளரும் நகரத்து மக்களும் தரவேண்டிய கடன் முழுவதும் இருந்தது. அதைக் கொண்டே தந்தையார் மறுபடி தொடங்கினார். கடன்பட்டவர்களில் பலர் தாமாகவே தேடி வந்து கொடுத்தார்கள். அவர்களில் மூவினத்தவரும் இருந்தனர். எங்கள் படிப்பு அந்தப் பணத்தில்தான் நடந்தது.

எடுத்தவர் செய்தது பாவம். திருப்பிக் கொடுத்ததால் அது பாவமில்லை என்று ஆகிவிடாது. வள்ளுவர் வெஃகாமைக்கு ஓர் அதிகாரமும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஆயினும், இழந்தவன் எழுந்து நிற்பதற்கு வேண்டியதை விட்டுவைத்தவனுக்கும், அதையும் சேர்த்து அழித்தவனுக்கும் வேற்றுமை உண்டு. பதினொரு வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பதினேழு வயதில் மருமகன் ஒரு கற்பனைத் தீவில் அதைக் கண்டுகொண்டான்.

மீட்சி என்பது காலம் கடந்தும் வரலாம். 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அப்போது அரசாண்டவர் நாயக்கர் மரபினரான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். பொன்னும் வெள்ளியும் இரத்தினமும் பதித்த லெவ்கே பீரங்கியையும், அரசனின் வாள்களையும், துப்பாக்கிகளையும் கொண்டுபோனார்கள். அவை அம்ஸ்ரர்டாம் நகரத்து நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தன. 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசு அவற்றுள் ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பித் தந்தது. இன்று அவை கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. போய் வர 258 ஆண்டுகள்! 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அரசனின் சிங்காசனமும் 1934இல் திரும்பி வந்தது. அந்த அரசன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், திரும்பி வரவில்லை; வேலூரில் சிறையிருந்தே 1832இல் இறந்தார். பொருள் திரும்பலாம், ஆள் திரும்புவதில்லை. பொறியில் இட்டதில் பாதிதான் மிஞ்சும் என்ற கணக்கு இங்கும் பொருந்துகிறது.

அன்பர்களே, நேரமாகிவிட்டது. என் வேண்டுகோள்களைச் சொல்லி முடிக்கிறேன்.

இளைஞர்களுக்கு முதலில். ஆடுங்கள்; நேரம் வகுத்து ஆடுங்கள். பத்து மணிக்குப் பின் தீவில் எது போனாலும் போகட்டும். முதல் வியாழக்கிழமை எப்படியும் எல்லாம் போகப் போகிறது. ஆனால் தீவில் பழகிய சிக்கனத்தை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். நமது வாசிகசாலையின் ஒரு மூலையில் மூன்று பெட்டிகள் வைப்போம்: ஒன்று பழைய தாளுக்கு, ஒன்று போத்தலுக்கு, ஒன்று பழுதான கைப்பேசி, மின்கலம், கம்பி முதலியவற்றுக்கு. திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். திருத்திய கணினியைத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுங்கள். அது கொடை. திருத்த முடியாததை முறையாகச் சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். மின்கலத்தை நெருப்பில் போடவும் வேண்டாம், ஆற்றில் எறியவும் வேண்டாம்.

பெரியோர்களுக்கு அடுத்து. தடைப் பிரேரணையை மீளப்பெறும்படி கேட்கவில்லை. வாக்களிக்குமுன் ஒவ்வொருவரும் ஒரு மாலை ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டுத் தடை செய்தால் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்வார்கள். அப்படி அமரும்போது, நீங்கள் இழந்ததையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். வஞ்சம் வளர்ப்பதற்காகச் சொல்ல வேண்டாம். "லூட்" என்று அவர்கள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வீடும் ஒரு முகமும் உண்டு என்று அவர்கள் அறியவேண்டும். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்?

மருமகனின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை இதுதான்: "சரிதான் தம்பி. அடுத்த முறை அந்த வீட்டை உடைக்காமலே விட்டால் இன்னும் சரி." அவன் சிரித்தான். "அது விளையாட்டு மாமா" என்றான். இரண்டு நாட்களின் பின், அந்த வீட்டுக்காரரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டதாக வந்து சொன்னான்.